ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறலையா? கிளட்ச்சா, பெட்ரோல் கலவையா... டைனோ கிராஃபைப் படிப்பது எப்படி?

இருவழிச் சாலை. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. எதிரே வெகு தூரத்தில் ஒரு பஸ். ஓவர்டேக் பண்ணிவிடலாம் என்று ஐந்தாவது கியரில் த்ராட்டிலை முழுசாகத் திருகுகிறீர்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது. ஆர்பிஎம் மீட்டர் சர்ரென்று மேலே போகிறது. ஆனால், வண்டி மட்டும் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. எதிரே வரும் பஸ் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

அந்த சில நொடிகளை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் பயம் தெரியும். மறுநாள் மெக்கானிக்கிடம் போனால், "கிளட்ச் பிளேட் போயிடுச்சு தம்பி" என்பார் ஒருவர். "கார்புரேட்டரை கழட்டி ட்யூன் பண்ணணும்" என்பார் இன்னொருவர். ஆபீஸ் நண்பரோ, "இசியு ரீமேப் போட்டுடு ப்ரோ, பறக்கும்" என்பார். மூன்றுமே காசு. தப்பான ரிப்பேருக்குச் செலவு செய்தால் பணமும் போகும், பிரச்சினையும் அப்படியே இருக்கும்.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கக்கூடியது டைனோ டெஸ்ட். 'என் பைக் எத்தனை ஹார்ஸ்பவர்' என்று பார்த்து ஸ்டேட்டஸ் போடுவதற்கான மெஷினாகவே பலர் இதை நினைக்கிறார்கள். உண்மையில், இசிஜி மாதிரி நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும். ஆனால், கிராஃபைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

டைனோ எப்படி வேலை செய்கிறது?

பைக்கின் பின்சக்கரத்தை ஒரு கனமான உருளை மேல் நிறுத்தி, பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். பொதுவாக நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் த்ராட்டிலை முழுசாகத் திறந்து, ரெட்லைன் வரை ஓட்டுவார்கள். உருளை எவ்வளவு கனம், அதைச் சுழற்ற எவ்வளவு சக்தி வேண்டும் என்பது மெஷினுக்குத் தெரியும். எனவே, உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்து சக்கரத்துக்கு வரும் பவரைக் கணக்கிடும். இதற்கு 'இனர்ஷியா டைனோ' என்று பெயர். உருளைக்கு பிரேக் மாதிரி எதிர்விசை கொடுத்து, ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி வைத்துச் சோதிக்கக்கூடியவை 'லோடு டைனோ'.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பவரை அளக்க இனர்ஷியா டைனோவுக்கு இன்ஜின் ஆர்பிஎம் தேவையே இல்லை. உருளையின் வேகம் போதும். டார்க்கைக் கணக்கிடத்தான் ஆர்பிஎம் வேண்டும். அதை ஸ்பார்க் பிளக் வயரில் மாட்டும் ஒரு கிளிப்பில் இருந்தோ, இசியுவில் இருந்தோ எடுப்பார்கள். கணக்கு சிம்பிள்: டார்க்கை (நியூட்டன் மீட்டர்) ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட்.

ஆக, மெஷின் இரண்டு தகவல்களைத் தனித்தனியாக எடுக்கிறது. ஒன்று இன்ஜின் பக்கம், இன்னொன்று சக்கரத்தின் பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச். அதனால்தான் கிளட்ச்சின் குட்டை உடைக்க டைனோவால் முடிகிறது.

முதல் சோதனை: ஆர்பிஎம்மை வேகத்தால் வகுங்கள்

கிளட்ச் முழுசாகப் பிடித்திருந்தால், ஒரு கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. பல்சக்கரமும் செயினும்தானே இணைக்கின்றன? மாற வாய்ப்பில்லை.

ஒரு 300 சிசி பைக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒரே கியரில் டைனோ காட்டிய எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

- 4,000 ஆர்பிஎம்: 60 கி.மீ. வேகம்
- 5,000 ஆர்பிஎம்: 75 கி.மீ.
- 6,000 ஆர்பிஎம்: 90 கி.மீ.
- 7,000 ஆர்பிஎம்: 98 கி.மீ.
- 8,000 ஆர்பிஎம்: 116 கி.மீ.

முதல் மூன்று வரிகளிலும் 1,000 ஆர்பிஎம்முக்கு 15 கி.மீ. கச்சிதமாக இருக்கிறது. அந்தக் கணக்குப்படி 7,000-ல் 105 கி.மீ. வந்திருக்க வேண்டும். வந்தது 98. கிட்டத்தட்ட 7 சதவீதம் காணாமல் போயிருக்கிறது. 8,000-ல் 120 வர வேண்டிய இடத்தில் 116. இடைவெளி 3 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

ஏன் நடுவில் மட்டும் அதிகமாக வழுக்குகிறது? கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கை. இந்த பைக்கின் டார்க் 7,000 ஆர்பிஎம் பக்கத்தில் உச்சத்தில் இருக்கிறது. அங்கே பிளேட்டுகளின் பிடி போதவில்லை. அதைத் தாண்டி டார்க் குறையத் தொடங்கியதும் கிளட்ச் மீண்டும் மெல்லப் பிடிக்கிறது. எனவே, கிளட்ச் தேய ஆரம்பிக்கும்போது முதல் அறிகுறி ரெட்லைனில் தெரியாது, டார்க் உச்சத்தில்தான் தெரியும்.

அந்த 7 சதவீதம் எங்கே போகிறது? எல்லாம் சூடு. இன்ஜின் 28 ஹார்ஸ்பவர் தந்துகொண்டிருந்தால், அதில் 7 சதவீதம் என்பது சுமார் 1.4 கிலோவாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி பொதுவாக 1 கிலோவாட்தான். அதைவிடப் பெரிய ஒரு ஹீட்டரை கிளட்ச் கூடைக்குள் வைத்த மாதிரி. பிளேட் கருகும் வாசனை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

கிராஃபில் கிளட்ச் ஸ்லிப் எப்படித் தெரியும்?

டார்க் கோடு ஏறிக்கொண்டே போய், ஒரு இடத்தில் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாகிவிடும், அல்லது சட்டென்று கீழே விழும். கிளட்ச் திடீரென்று மறுபடி பிடித்தால், வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த கிராங்கின் சக்தி ஒரே அடியாகச் சக்கரத்துக்கு வரும். அப்போது கோட்டில் ஒரு கூர்மையான முள் எழும்பும். சில கிராஃப்களில் கோடு பின்னோக்கி மடங்கி ஒரு கொக்கி மாதிரிகூட வரும். வண்டி வேகமெடுக்கும்போதே ஆர்பிஎம் குறைந்தால் கோடு வேறு எங்கே போகும்?

இன்னொரு அடையாளம், ரன்னுக்கு ரன் மோசமாவது. முதல் ரன்னில் லேசாக வழுக்கும் கிளட்ச், மூன்றாவது ரன்னில் சூடாகி இன்னும் முன்கூட்டியே வழுக்கும். இன்ஜின் சூட்டால் பவர் ஓரிரு சதவீதம் குறைவது சகஜம். ஆனால், வழுக்கும் இடமே நகர்ந்துகொண்டு வந்தால் கிளட்ச் மேல் சந்தேகம் வலுக்கும்.

அவசரப்பட்டு கிளட்ச்சைக் கழட்டாதீர்கள்

இதே மாதிரி ஏமாற்றக்கூடிய இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒன்று, டயர். உருளை மேல் டயர் வழுக்கினாலும் ஆர்பிஎம் ஏறும், உருளை ஏறாது. டயரில் காற்று சரியாக இருக்கிறதா, பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்கின் ஸ்பீடோமீட்டர் பின்சக்கரத்தில் இருந்தோ கியர்பாக்ஸில் இருந்தோ வேகத்தை எடுத்தால் வேலை சுலபம். ஸ்பீடோவும் உருளையும் ஒத்துப்போய், ஆர்பிஎம் மட்டும் தனியாக ஓடினால் கிளட்ச். ஆர்பிஎம்மும் ஸ்பீடோவும் ஒத்துப்போய், உருளை மட்டும் பின்தங்கினால் டயர்.

இரண்டு, ஆர்பிஎம் எடுக்கும் கிளிப். அது சரியாகப் பிடிக்காவிட்டால் கிராஃப் ரம்பம் மாதிரி ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதே ரன்னை ஆர்பிஎம்முக்குப் பதில் வேகத்தை வைத்து வரையச் சொல்வது. பவர் கோடு வழவழப்பாக வந்தால் குற்றவாளி கிளிப். அப்போதும் பள்ளம் தெரிந்தால், பைக்கில்தான் பிரச்சினை.

இரண்டாவது சோதனை: கலவை என்ன சொல்கிறது?

பவர் குறைவு, ஆனால் ஆர்பிஎம்–வேக விகிதம் கச்சிதம். அப்படியென்றால் கிளட்ச் நல்லவன். அடுத்து பார்க்க வேண்டியது காற்று–பெட்ரோல் கலவை. சைலென்சரில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் செருகி, ரன் முழுக்க இதைப் பதிவு செய்வார்கள்.

சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய, ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால், முழு த்ராட்டிலில் அதிக பவர் கிடைப்பது சற்று பெட்ரோல் கூடுதலாக இருக்கும்போது. பொதுவாக 12.5 முதல் 13.2 வரை. எண் அதிகமானால் காற்று அதிகம், அதாவது 'லீன்'. எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம், அதாவது 'ரிச்'.

லீன் என்றால்: முழு த்ராட்டிலில் 14-ஐத் தாண்டிப் போகும். டார்க் கோட்டில் பள்ளம் விழும், ரோட்டில் வண்டி திக்கித் திக்கிப் போகும். ஸ்பார்க் பிளக் முனை வெளுத்துப் போயிருக்கும். சூடு ஏறும், இன்ஜின் தட்டும். முழு த்ராட்டிலில் இப்படியே தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். டூ-ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. அங்கே பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே வருகிறது. அதைக் குறைத்தால் உயவும் குறையும், பிஸ்டன் ஜாம் ஆகும்.

ரிச் என்றால்: 11.5-க்குக் கீழே போகும். மேல் ஆர்பிஎம்மில் கோடு சோர்ந்து இறங்கும், சில சமயம் அலை அலையாக நடுங்கும். பிளக் கறுப்பாக, கரி படிந்திருக்கும். மைலேஜ் அடி வாங்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கார்புரேட்டர் வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, மேல் ஆர்பிஎம்மில் மட்டும் எண் 13, 14, 15 என்று ஏறிக்கொண்டே போனால்? பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபியூயல் பம்ப், ஃபில்டர், டேங்க் டேப், டேங்க் மூடியின் காற்று ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். இதற்கு இசியு ரீமேப் தீர்வே இல்லை.

சென்சாரும் பொய் சொல்லும்

சைலென்சர் ஜாயின்ட்டில் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்து 'லீன்' என்று சொல்லும். ஸ்பார்க் சரியாக விழாமல் மிஸ்ஃபயர் ஆனாலும் இதே கதைதான். எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வருகிறது. சென்சாருக்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும். உண்மையில் கலவை ரிச்சாக இருந்தாலும், அது லீன் என்று சத்தியம் செய்யும். அதை நம்பி இன்னும் பெட்ரோலைக் கூட்டினால், பிளக் மேலும் நனைந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

இதற்கு ஒரு குறிப்பு உண்டு. கலவை கொஞ்சம் பிசகினால் பவர் பெரிதாக விழாது. 12.8-ல் இருந்து 12.2-க்குப் போனால் கிராஃபில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். எனவே, டார்க் கோடு மலையில் இருந்து குதித்த மாதிரி விழுந்தால், சின்ன கலவைக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். மிஸ்ஃபயரா, கிளட்ச்சா, பெட்ரோல் தட்டுப்பாடா என்று பாருங்கள்.

இ20 பெட்ரோல் இதில் எங்கே வருகிறது?

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கு முதலில் 2030-க்கு வைக்கப்பட்டது. அதை முன்கூட்டியே, 2025-ல் எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. எத்தனால் எரிய, பெட்ரோலைவிடக் குறைவான காற்றே போதும்: 14.7-க்குப் பதில் 9. இரண்டையும் கலந்தால் இ20-க்குத் தேவை சுமார் 13.5.

பழைய கார்புரேட்டர் பைக்கில் ஜெட்டின் ஓட்டை மாறவில்லை. எனவே, சுத்தமான பெட்ரோலுக்கு செட் செய்த வண்டியில் இ20 ஊற்றினால், கலவை சுமார் 7 முதல் 8 சதவீதம் லீன் பக்கம் நகரும். ஏற்கெனவே ரிச்சாக இருந்த வண்டிக்கு இது ஒன்றும் செய்யாது. விளிம்பில் லீனாக இருந்த வண்டிக்கு இது பிரச்சினை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியு கலவையைத் திருத்தும். ஆனால், அந்தத் திருத்தம் நிதானமாக ஓட்டும்போதுதான் நேரடியாக நடக்கும். முழு த்ராட்டிலில், அந்த நொடியில் சென்சார் சொல்வதைப் பார்க்காமல், எழுதி வைத்த மேப்படிதான் இசியு பெட்ரோல் ஊற்றும்.

டைனோவில் இதனால் ஒரு குழப்பம் வரும். வைட்பேண்ட் சென்சார் உண்மையில் அளப்பது 'லாம்டா'. எந்த எரிபொருளாக இருந்தாலும் சரியான எரிதலுக்கு லாம்டா 1. மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கி, பெட்ரோல் கணக்கில் காட்டுகிறது. ஆக, இ20 ஊற்றிய வண்டியிலும் திரையில் 12.8 என்று வந்தால் அது நல்ல எண்தான். எரிபொருளை மாற்றி மாற்றி ஒப்பிடுபவர்கள் லாம்டாவிலேயே பார்ப்பது நல்லது. முழு த்ராட்டிலில் 0.85 முதல் 0.90 வரை இருக்கட்டும்.

கார்புரேட்டர் வண்டியா? ஒரு ரன் போதாது

முழு த்ராட்டில் ரன் சொல்வது மெயின் ஜெட்டைப் பற்றி மட்டும்தான். கால் பங்கு த்ராட்டில் வரை பைலட் ஜெட், கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட் என்பது தோராயமான கணக்கு. சிட்டி டிராஃபிக்கில் நாம் ஓட்டுவது பெரும்பாலும் கால் பங்கு த்ராட்டிலில். 'டைனோவில் சூப்பர், சிக்னலில் திணறுது' என்பதற்கு இதுதான் காரணம். பாதி த்ராட்டிலைச் சோதிக்க லோடு டைனோ இருந்தால் சிறப்பு.

சுருக்கமாக, யார் குற்றவாளி?

- ஆர்பிஎம்–வேக விகிதம் மாறுகிறது, கலவை எண் ஓகே: கிளட்ச் (அல்லது டயர்).
- விகிதம் மாறவில்லை, கலவை எண் பிசகுகிறது: எரிபொருள் அல்லது காற்று பக்கம்.
- இரண்டும் ஓகே, ஆனால் பவர் குறைவு: வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன், இக்னிஷன் டைமிங், உரசும் பிரேக், இறுகிய செயின்.
- இரண்டுமே பிசகுகிறது: முதலில் கிளட்ச்சைச் சரி செய்துவிட்டு, மறுபடி டைனோவில் ஏற்றுங்கள்.

கடைசி வரி முக்கியம். கிளட்ச் வழுக்கும்போது இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக ஆர்பிஎம் ஏறி ஓடிவிடும். அந்த நிலையில் எடுத்த ரன்னை நம்பி மேப் எழுதினால் அது உங்கள் ரோட்டுக்கு ஒத்துவராது. இதற்கு எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. கலவையைச் சரி செய்து டார்க் கூடியதும், அதுவரை எப்படியோ சமாளித்த கிளட்ச் வழுக்கத் தொடங்கும். 'ட்யூன் பண்ணவர் கிளட்ச்சைக் கெடுத்துட்டார்' என்ற சண்டைகள் பலவற்றின் பின்னணி இதுதான். கெட்டுக்கொண்டிருந்த கிளட்ச் வெளியே தெரிந்தது, அவ்வளவே.

கிளட்ச்தான் என்றால், செலவு குறைந்ததில் இருந்து தொடங்குங்கள்

முதலில் லீவரின் ஃப்ரீ பிளே. கேபிள் கிளட்ச் உள்ள பல பைக்குகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால், நீங்கள் எப்போதும் கிளட்ச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே ஓட்டுவதற்குச் சமம். திருகினால் போதும், செலவே இல்லை.

அடுத்து ஆயில். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறியிருக்கும். அதனால் ஆயில் கேனில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற முத்திரை பாருங்கள். உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் உள்ள கார் ஆயிலை ஊற்றினால், இன்ஜினுக்கு வழவழப்பு, கிளட்ச்சுக்கும் வழவழப்பு! 'எம்பி' முத்திரை கிளட்ச் ஆயிலில் ஊறாத ஸ்கூட்டர்களுக்கானது.

இவை இரண்டும் சரி என்றால் மட்டும் ஸ்பிரிங், பிளேட் பக்கம் போங்கள். ஸ்பிரிங்கின் நீளம், பிளேட்டின் தடிமன் இரண்டையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் மேனுவலில் இவற்றுக்கு எல்லை உண்டு.

டைனோவுக்குப் போகும் முன் வீட்டுக் கணக்கு

எல்லா ஊரிலும் டைனோ இல்லை. டேக்கோமீட்டர் உள்ள பைக் என்றால், போனை மவுன்ட்டில் மாட்டி, மீட்டரை வீடியோ எடுங்கள் (கையில் பிடித்துக்கொண்டு வேண்டவே வேண்டாம்). காலியான, பாதுகாப்பான ரோட்டில், மேல் கியரில், வேக வரம்புக்குள் த்ராட்டிலை முழுசாகத் திறங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர்கள் கொஞ்சம் தாமதமாகக் காட்டும் என்பதால் ஓரிரு சதவீத வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். ஐந்தாறு சதவீதம் மாறினால் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும்.

கீழ் கியரில் இந்த டெஸ்ட் சரியாக வராது. வண்டி மளமளவென்று ஏறும்போது டார்க்கில் ஒரு பகுதி கிராங்கைச் சுழற்றவே செலவாகிவிடும். கிளட்ச்சுக்கு வரும் சுமை குறைவு, நேரமும் குறைவு.

டைனோ சென்டரில் கேட்க வேண்டியவை

பிரின்ட் எடுத்த ஒரே ஒரு பேப்பரோடு திரும்பாதீர்கள். குறைந்தது மூன்று ரன்கள், ஒன்றின் மேல் ஒன்றாக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆர்பிஎம், வேகம், கலவை மூன்றும் இருக்கட்டும். எந்த கியர் என்று எழுதச் சொல்லுங்கள். ஸ்மூத்திங்கைக் குறைத்து ஒரு காபி கேளுங்கள். கோட்டை அழகாக்கும் அந்த ஸ்மூத்திங்தான் ஸ்லிப்பின் தடயங்களையும் அழித்துவிடும்.

எந்த கரெக்‌ஷன் என்றும் கேளுங்கள். ஒரே ரன்னை 'எஸ்டிடி' கணக்கில் காட்டினால், 'எஸ்ஏஇ' கணக்கைவிட சுமார் 4 சதவீதம் அதிகம் வரும். ட்யூனுக்கு முன் ஒன்று, பின் மற்றொன்று என்று காட்டினால், கையே வைக்காமல் பவர் 'கூடிவிடும்'. கம்பெனி சொன்ன எண் வரவில்லையே என்றும் கவலை வேண்டாம். அது இன்ஜினில் அளந்தது. கியர்பாக்ஸ், செயின், டயர் தாண்டி சக்கரத்துக்கு வரும்போது 10 முதல் 15 சதவீதம் குறைவது இயல்பு.

சத்தமான எக்ஸாஸ்ட் மாற்றியதால்தான் கலவை லீன் ஆனது என்று தெரிந்தால், மேப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். வாகனத்தை அதன் மூல வடிவத்தில் இருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாரன்டியும் கேள்விக்குறி ஆகலாம். பழைய சைலென்சரை மாட்டினால் பிரச்சினை தீரும் என்றால், அதுதான் மலிவான ட்யூனிங்.

அடுத்த முறை மெக்கானிக் "கிளட்ச் போச்சு" என்றால் சண்டை போட வேண்டாம். "இந்த கியர்ல ஆர்பிஎம்மும் ஸ்பீடும் எங்க பிரியுது அண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு எண்ணோடு பதில் சொல்பவரிடம் தைரியமாக வண்டியை விடலாம். அதுவரை, இருவழிச் சாலையில் அந்த ஓவர்டேக் மட்டும் வேண்டாம்.